வறள்நாடுகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் பன்னாட்டு ஆய்வுக் கூட்டுறவும்

நீர்வளம் குறைந்த நாடுகளில் வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீர் இன்று ஒரு நீர்வளமாகவே கணக்கிடப்படுகிறது. மழை பொய்த்தாலும் ஆறு வற்றினாலும், நகரம் ஒன்றில் மக்கள் வாழும் வரை கழிவுநீர் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும். அதைத் தூய்மைப்படுத்திப் பாசனத்திற்கோ தொழிற்சாலைகளுக்கோ குடிப்பதற்கோ பயன்படுத்த முடிந்தால், அதே அளவு நன்னீர் மிச்சமாகிறது. தூய்மைப்படுத்தாமல் விட்டால், இருக்கும் கொஞ்ச நீரும் கெடுகிறது.

இதற்கான தொழில்நுட்பங்கள் பெரும்பாலும் ஒரே நாட்டில் உருவாகி முழுமை பெற்றவை அல்ல. ஒரு நாட்டின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த முறை, வேறொரு நாட்டின் வெப்பத்திலும் வேறுவகைக் கழிவுநீரிலும் சோதிக்கப்பட்டுத் திருத்தப்பட்ட பிறகே பரவலாகப் பயன்பட்டது. நெதர்லாந்து, கொலம்பியா, இந்தியா, சப்பான், நமீபியா, ஜோர்தான், ஓமான், கானா ஆகிய நாடுகளின் பட்டறிவைக் கொண்டு இந்தக் கூட்டுறவு எவ்வாறு நடந்தது, எங்கே வென்றது, எங்கே தடுமாறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீர்ப்பற்றாக்குறையின் அளவுகோல்

ஒரு நாட்டின் நீர்நிலையை ஒப்பிடுவதற்குப் பரவலாகப் பயன்படும் அளவுகோலை சுவீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் 1989-இல் முன்வைத்தார். ஒரு நாட்டில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் நன்னீரை அதன் மக்கள்தொகையால் வகுத்தால் கிடைக்கும் அளவே இதன் அடிப்படை.

- ஒருவருக்கு ஆண்டுக்கு 1,700 கன மீட்டருக்குக் குறைந்தால் நீர் நெருக்கடி
- 1,000 கன மீட்டருக்குக் குறைந்தால் நீர்ப்பற்றாக்குறை
- 500 கன மீட்டருக்குக் குறைந்தால் முழுமையான பற்றாக்குறை

ஜோர்தானில் இந்த அளவு 100 கன மீட்டருக்கும் கீழே உள்ளது. அதாவது முழுமையான பற்றாக்குறை என்று வகுக்கப்பட்ட எல்லையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த அளவுகோலுக்கு ஒரு குறை உண்டு. ஒருமுறை பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்துவதை அது கணக்கில் கொள்வதில்லை. ஒரே கன மீட்டர் நீர் முதலில் வீட்டிலும், சுத்திகரித்த பின் வயலிலும் பயன்பட்டால், அந்த நாட்டின் உண்மையான நிலை எண் காட்டுவதைவிடச் சற்று மேலானது. வறள்நாடுகள் கழிவுநீரில் அக்கறை காட்டுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

உலக நிலவரம்

2017-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உலக நீர் வளர்ச்சி அறிக்கை கழிவுநீரையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. அதன்படி உயர் வருமான நாடுகள் தங்கள் கழிவுநீரில் சராசரியாக 70 விழுக்காட்டைச் சுத்திகரிக்கின்றன. குறைந்த வருமான நாடுகளில் இது 8 விழுக்காடு மட்டுமே. உலகளவில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே வெளியேறுவதாக அப்போது மதிப்பிடப்பட்டது.

2021-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, நாடுகள் தரும் தரவுகளைத் தொகுத்துப் புதிய மதிப்பீட்டைத் தந்தது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 35,900 கோடி கன மீட்டர் கழிவுநீர் உருவாகிறது. அதில் 52 விழுக்காடு ஏதோ ஒரு நிலை வரை சுத்திகரிக்கப்படுகிறது. 11 விழுக்காடு திட்டமிட்டு மறுபயன்பாட்டுக்குச் செல்கிறது. இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதே, பல நாடுகளில் கழிவுநீர் இன்னும் சரிவர அளக்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் படிகள்

நகரக் கழிவுநீரில் 99 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான். எஞ்சிய சிறு பங்கில் நான்கு வகைப் பொருள்கள் முக்கியமானவை: மட்கக்கூடிய கரிமப் பொருள், பாக்டீரியா, வைரசு, குடற்புழு முட்டை போன்ற நோய்க்காரணிகள், நைட்ரசன், பாசுபரசு ஆகிய ஊட்டங்கள், கரைந்த உப்புகளும் உலோகங்களும்.

சுத்திகரிப்பு பொதுவாக மூன்று நிலைகளில் நடைபெறும். முதல் நிலையில் குப்பையும் மணலும் கம்பி வலைகளாலும் படிவுத் தொட்டிகளாலும் அகற்றப்படுகின்றன. இரண்டாம் நிலையில் நுண்ணுயிரிகள் கரிமப் பொருளை உண்டு அழிக்கின்றன. மூன்றாம் நிலையில் வடிகட்டல், ஓசோன், புறஊதாக் கதிர், சவ்வு, குளோரின் போன்றவை நோய்க்காரணிகளையும் எஞ்சிய மாசுகளையும் நீக்குகின்றன.

இவற்றில் பெருஞ்செலவு பிடிப்பது இரண்டாம் நிலை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கிலுள்ள கிளர்வூட்டிய கசடு முறையில், நுண்ணுயிரிகள் மூச்சுவிடுவதற்காகக் காற்றைப் பெரிய ஊதிகளால் இரவும் பகலும் நீருக்குள் செலுத்த வேண்டும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊரில் இந்த முறை நிலைக்காது. ஏழை நாடுகளுக்கு ஏற்ற சுத்திகரிப்பு எது என்ற ஆய்வு இந்தச் சிக்கலிலிருந்துதான் தொடங்கியது.

வாகனிங்கனிலிருந்து கான்பூருக்கு

1970-களில் நெதர்லாந்தின் வாகனிங்கனில் கட்சே லெட்டிங்கா என்ற ஆய்வாளர், காற்றே தேவைப்படாத ஒரு முறையை உருவாக்கினார். மேல்நோக்கு ஓட்டக் காற்றில்லாக் கசடுப் படுகை என்று இதைக் கூறலாம். கழிவுநீர் ஒரு தொட்டியின் அடியில் நுழைந்து, அடர்ந்த கசடுப் படுகையின் ஊடாக மெல்ல மேலெழும்புகிறது. படுகையில் வாழும் நுண்ணுயிரிகள் ஆக்சிசன் இல்லாமலே கரிமப் பொருளைச் சிதைத்து மீத்தேன் வளிமமாக மாற்றுகின்றன. தொட்டியின் மேற்பகுதியிலுள்ள கூம்பு போன்ற அமைப்பு வளிமத்தையும் நீரையும் கசட்டையும் தனித்தனியே பிரிக்கிறது. ஊதி வேண்டியதில்லை, கசடு குறைவாகவே சேரும், கிடைக்கும் மீத்தேனை எரிபொருளாகப் பயன்படுத்தலாம்.

முதலில் இது சர்க்கரைக்கிழங்கு ஆலைக் கழிவு போன்ற செறிந்த தொழிற்சாலைக் கழிவுகளுக்கே பயன்பட்டது. வீட்டுக் கழிவுநீர் நீர்த்தது. நெதர்லாந்தின் குளிரில் அதில் நுண்ணுயிரிகள் சுறுசுறுப்பாக இயங்குவதில்லை. எனவே இந்த முறை வெப்பநாடுகளுக்கே கூடுதலாகப் பொருந்தும் என்பது தெளிவானது. 1983-இல் கொலம்பியாவின் காலி நகரில் 64 கன மீட்டர் கொள்ளளவுள்ள சோதனைத் தொட்டி இயங்கத் தொடங்கியது. நீரைச் சூடாக்காமலே, சில மணி நேரத்தில் கரிமச் சுமையின் பெரும்பகுதி நீங்குவதை அங்கு நடந்த ஆய்வு காட்டியது.

அடுத்து இந்தியா. கங்கைச் செயல்திட்டத்தின் கீழ் இந்திய-டச்சுக் கூட்டுறவில் 1989-இல் கான்பூரின் சாச்மாவ் பகுதியில் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் அதே பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவையும் வீட்டுக் கழிவுநீரையும் கலந்து சுத்திகரிக்க 3.6 கோடி லிட்டர் கொள்ளளவில் மற்றொரு நிலையம் வந்தது. தொடர்ந்து இந்தியாவின் பல நகரங்களுக்கு இந்த முறை பரவியது. லெட்டிங்கா தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறாததும் இந்தப் பரவலுக்கு உதவியது. 2009-இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ நீர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இந்திய அனுபவம் இரண்டு குறைகளை வெளிப்படுத்தியது. ஒன்று, காற்றில்லா முறை தனித்து நின்றால் போதாது. அதிலிருந்து வெளியேறும் நீரில் ஆக்சிசன் இல்லை. கரிமப் பொருளும் நோய்க்காரணிகளும் விதிகள் அனுமதிக்கும் அளவைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதற்குத் தீர்வு தேடியவர்களில் சப்பானின் நாகவோக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிதெக்கி ஹராடா குறிப்பிடத்தக்கவர். அவர் குழு உருவாக்கிய முறையில், காற்றில்லாத் தொட்டியிலிருந்து வரும் நீர் தொங்கவிடப்பட்ட பஞ்சுத் துண்டுகளின் வழியாகச் சொட்டிக் கீழிறங்குகிறது. இறங்கும்போது காற்றிலுள்ள ஆக்சிசன் தானாகவே அதில் கரைகிறது. பஞ்சில் வாழும் நுண்ணுயிரிகள் எஞ்சிய மாசை அழிக்கின்றன. இங்கும் ஊதி கிடையாது. இந்த முறை அரியானாவின் கர்னாலிலும் பின்னர் ஆக்ராவிலும் சோதிக்கப்பட்டது. டச்சுக்காரர்கள் தொடங்கி, கொலம்பியாவில் சோதித்து, இந்தியாவில் விரிந்த ஒரு முறையின் குறையைச் சப்பானியர் இந்திய மண்ணிலேயே நிரப்ப முயன்றனர்.

இரண்டாவது குறை, ஆலைக் கழிவு கலந்ததால் வந்தது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் ஓர் உலோகம். நுண்ணுயிரிகள் அதைத் தின்று அழிக்க முடியாது. அதன் ஒரு பகுதி கசட்டில் தங்கியது. ஒரு பகுதி சுத்திகரித்த நீருடன் கான்பூரை அடுத்த சிற்றூர்களின் பாசன வயல்களுக்குச் சென்றது. அந்த மண்ணில் குரோமியம் சேர்ந்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சாக்கடைக்குள் எது விடப்படுகிறது என்பதைக் கட்டுப்படுத்தாவிட்டால் பயனில்லை என்பது இதன் பாடம்.

விண்ட்ஹூக்: கழிவுநீரிலிருந்து குடிநீர்

அந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே கடைப்பிடித்த நகரம் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக். சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் நமீபியாவே மிக வறண்ட நாடு. விண்ட்ஹூக்குக்கு அருகில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வடக்கே ஒக்கவாங்கோ ஆறு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெய்யும் மழையைப் போலப் பல மடங்கு நீர் ஆவியாகிவிடுகிறது.

1968-இல் இந்நகரின் கோரெங்காப் நிலையம், சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீர் வலையமைப்பில் கலக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 4,000 கன மீட்டருக்குச் சற்று மேல். விண்ட்ஹூக் மாநகராட்சியும் பிரிட்டோரியாவிலிருந்த தென்னாப்பிரிக்கத் தேசிய நீர் ஆய்வு நிறுவனமும் இணைந்து செய்த ஆய்வின் விளைவு இது. நமீபியா அப்போது தென்னாப்பிரிக்காவின் ஆட்சியில் இருந்தது. 1990-இல்தான் விடுதலை பெற்றது. எனவே இந்தக் கூட்டுறவு இரண்டு சம நாடுகளுக்கிடையே தொடங்கியதன்று. விடுதலைக்குப் பின் நமீபியா இதை நிறுத்தவில்லை. தன் திட்டமாகவே விரிவுபடுத்தியது.

2002-இல் புதிய கோரெங்காப் நிலையம் திறக்கப்பட்டது. ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் செருமனியின் வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தன. கொள்ளளவு நாளொன்றுக்கு 21,000 கன மீட்டர். இயக்கும் பொறுப்பைப் பன்னாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று ஏற்றது. இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள வாபாக் நிறுவனமும் அதில் ஒரு பங்குதாரர். இதே நிறுவனம் சென்னை கோயம்பேட்டில் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்ற நீராக மாற்றும் நிலையத்தையும் கட்டியுள்ளது.

விண்ட்ஹூக்கின் அணுகுமுறையில் மூன்று கூறுகள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, பிரித்தல். ஆலைக் கழிவு தனிக் குழாயில் தனி நிலையத்துக்குச் செல்கிறது. வீட்டுக் கழிவுநீர் மட்டுமே குடிநீருக்கான வழியில் சேர்கிறது.

இரண்டாவது, பல தடைகள். வழக்கமான சுத்திகரிப்பு முடிந்து வரும் நீர் ஓசோன், திரளச்செய்தல், காற்றுக்குமிழி மிதப்பு, மணல் வடிகட்டி, மீண்டும் ஓசோன், கிளர்வூட்டிய கரிப் படுகைகள், நுண்சவ்வு, குளோரின் எனப் பல படிகளைக் கடக்கிறது. ஒரு படி பழுதானாலும் அடுத்தது காக்கும். இதில் எதிர்ச் சவ்வூடுபரவல் இல்லை. அதனால் கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள இந்நகரில் உவர்நீர்க் கழிவை எங்கே கொட்டுவது என்ற சிக்கல் எழவில்லை. ஆனால் கரைந்த உப்பும் இதில் நீங்குவதில்லை. ஆகவே சுத்திகரித்த நீர் வேறு மூலங்களின் நீருடன் கலந்தே வழங்கப்படுகிறது. மொத்தக் குடிநீரில் அதன் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று.

மூன்றாவது, இடைவிடாத கண்காணிப்பு. தரம் குறைந்தால் நீர் வலையமைப்புக்குள் செல்வது நிறுத்தப்படும். 1970-களிலும் 1980-களிலும் நடந்த தொற்றுநோயியல் ஆய்வு, இந்த நீருக்கும் நகரின் வயிற்றுப்போக்கு நோய்களுக்கும் தொடர்பு எதையும் காணவில்லை.

பல பத்தாண்டுகள் வேறு எந்த நகரமும் இதைப் பின்பற்றவில்லை. 2011-இல் தென்னாப்பிரிக்காவின் போபோர்ட் வெஸ்ட் நகரும், 2013-இல் அமெரிக்காவின் டெக்சாசிலுள்ள பிக் ஸ்பிரிங் நகரும் வறட்சியால் இந்த வழிக்கு வந்தன. இத்தகைய திட்டத்தைத் தீட்டும் எவரும் முதலில் எடுத்துப் பார்ப்பது விண்ட்ஹூக்கின் நீண்டகாலப் பதிவுகளையே. பொதுவாக அறிவு செல்வ நாட்டிலிருந்து வறிய நாட்டுக்குச் செல்வதாகக் கருதப்படுகிறது. இங்கு அது எதிர்த்திசையில் சென்றது.

ஜோர்தான்: ஒரு பெரிய நிலையமும் பல சிறிய நிலையங்களும்

ஜோர்தானில் அம்மான், சர்க்கா ஆகிய நகரங்களின் கழிவுநீர் கிர்பத் அஸ்-சம்ரா நிலையத்துக்குச் செல்கிறது. 1985-இல் இது திறந்த நிலைப்படுத்தும் குளங்களாகத் தொடங்கியது. நாளொன்றுக்கு 68,000 கன மீட்டருக்கு வடிவமைத்த குளங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட கழிவுநீர் வந்து சேர்ந்தது. நாற்றம் எழுந்தது, கீழே சர்க்கா ஆறு கெட்டது.

அமெரிக்க உதவியுடனும் தனியார் முதலீட்டுடனும் கட்டப்பட்ட புதிய நிலையம் 2008-இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் அமெரிக்க அரசின் மற்றொரு நிதியுதவியால் அதன் கொள்ளளவு 364,000 கன மீட்டராக உயர்ந்தது. முழு அளவில் இயங்கினால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 13.3 கோடி கன மீட்டர். மேடான நிலத்திலிருந்து கழிவுநீர் இறங்கி வரும் வேகத்தில் விசைச்சுழலிகள் சுழல்கின்றன. கசட்டிலிருந்து மீத்தேன் பெறப்படுகிறது. நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதி இவ்விரு வழிகளிலும் கிடைத்துவிடுகிறது.

சுத்திகரித்த நீர் சர்க்கா ஆற்றின் வழியே மன்னர் தலால் அணைக்குச் சென்று, மழைநீருடன் கலந்து, ஜோர்தான் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. முன்பு அந்த வயல்களுக்குச் சென்ற நன்னீரில் ஒரு பகுதி அம்மானின் குடிநீருக்குத் திருப்பப்படுகிறது. சுருங்கச் சொன்னால், இது ஒரு பண்டமாற்று: உழவர் நகரத்துக்கு நன்னீரைக் கொடுத்து, நகரத்திடமிருந்து பயன்படுத்திய நீரைப் பெறுகின்றனர்.

இந்த மாற்றில் உழவரின் பக்கம் இழப்பும் உண்டு. நகரில் பயன்படும்போது நீரில் உப்பு கூடுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு அதை நீக்குவதில்லை. உப்பைத் தாங்காத பயிர்களின் விளைச்சல் குறையும்; வடிகால் இல்லாவிட்டால் மண்ணில் உப்பு தேங்கும். மறுபுறம், இந்த நீரில் நைட்ரசனும் பாசுபரசும் உள்ளன. அதைக் கணக்கிடாமல் வழக்கம்போல் உரமிடும் உழவர் பணத்தையும் இழக்கிறார், நிலத்தடி நீரையும் கெடுக்கிறார். செருமனியின் தொழில்நுட்பக் கூட்டுறவு நிறுவனமும் ஜோர்தான் அதிகாரிகளும் இணைந்து பள்ளத்தாக்கில் நடத்திய திட்டம் இதைத்தான் ஆராய்ந்தது. இந்த நீருக்கேற்ப உர அளவைக் குறைப்பது, பயிரைத் தேர்வது, சொட்டுநீர்க் குழாய் அடைபடாமல் காப்பது பற்றி உழவருக்கான வழிகாட்டுதல்கள் அதிலிருந்து உருவாயின.

பெரிய நிலையம் பெருநகருக்குப் பொருந்தும். மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களை அதனுடன் குழாயால் இணைப்பது கட்டுப்படியாகாது. அங்கு வீடுகளின் கழிவுநீர் உறிஞ்சு குழிகளில் விடப்படுகிறது. அடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. குழியில் இறங்கும் கழிவு விரைவில் ஊற்றுகளை எட்டிவிடும். குடிநீர் தரும் ஊற்றே இப்படிக் கெடும்போது, ஏற்கெனவே நீரில்லாத நாடு மேலும் ஒன்றை இழக்கிறது.

2006-இல் செருமானியக் கல்வி ஆய்வு அமைச்சகத்தின் நிதியில் தொடங்கிய ஸ்மார்ட் என்ற ஆய்வுத் திட்டம் இதற்கு விடை தேடியது. செருமானிய, ஜோர்தானிய, பாலத்தீன, இசுரேலிய ஆய்வாளர்கள் இதில் பங்கேற்றனர். இதன் கீழ் செருமனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையமும் ஜோர்தானின் அல்-பல்கா பல்கலைக்கழகமும் அம்மானுக்கு மேற்கிலுள்ள ஃபுஹைஸ் ஊரில் ஓர் ஆய்வுத் திடலை அமைத்தன. நாணல் வகைச் செடிகள் வளரும் வடிகட்டிப் படுகை, ஒரே தொட்டியில் எல்லாப் படிகளும் மாறி மாறி நடக்கும் முறை முதலான சிறிய அமைப்புகள் ஒரே கழிவுநீரைக் கொண்டு அருகருகே சோதிக்கப்பட்டன. எது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, எதைப் பராமரிக்க எத்தகைய பயிற்சி வேண்டும், எதன் நீர் ஜோர்தானின் பாசனத் தர விதிக்குப் பொருந்துகிறது என்பன ஒப்பிடப்பட்டன.

தொழில்நுட்பம் தயாராக இருந்தும் விதிகள் தடையாயின. சிறிய நிலையங்களுக்கு யார் பொறுப்பு, தரத்தை யார் சோதிப்பது, செலவை யார் ஏற்பது என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. அமைச்சகங்களின் அலுவலர்களை ஒன்றாக உட்காரவைத்த ஒரு தேசியக் குழு இதைப் பல ஆண்டுகள் பேசித் தீர்த்தது. 2016-இல் ஜோர்தான் பரவலாக்கப்பட்ட கழிவுநீர் மேலாண்மைக்கான கொள்கையை ஏற்றது. தொட்டிகளைக் கட்டுவதைவிட இந்தக் கொள்கைக்குத்தான் நீண்ட காலம் பிடித்தது.

மஸ்கட்டில் ஓர் அமைதி முயற்சி

நீர் ஆய்வுக் கூட்டுறவு சில வேளைகளில் அரசியல் காரணத்திற்காகவே தொடங்கப்படுகிறது. 1991-இல் மாட்ரிட்டில் நடந்த மத்திய கிழக்கு அமைதி மாநாட்டைத் தொடர்ந்து பல துறைகளுக்குப் பன்னாட்டுச் செயற்குழுக்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று நீர்வளத்துக்கானது. அதன் பேச்சுகளின் பயனாக 1996-இல் ஓமானின் தலைநகர் மஸ்கட்டில் மத்திய கிழக்கு உப்புநீக்க ஆய்வு மையம் நிறுவப்பட்டது. ஓமான், ஜோர்தான், இசுரேல், பாலத்தீனம், அமெரிக்கா, சப்பான், தென் கொரியா, நெதர்லாந்து, ஸ்பெயின் முதலியவை இதில் உறுப்பு வகித்தன.

இருக்கும் நீரை யார் பகிர்வது என்ற பேச்சு உடனே வழக்காகிவிடும். புதிய நீரை எப்படி உருவாக்குவது என்ற பேச்சில் எல்லோரும் உட்கார முடியும். உப்புநீக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இதுவே காரணம். இந்த மையம் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுகளுக்கு நிதி அளித்தது. பாலத்தீன, ஜோர்தானிய மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவி வழங்கியது. நாளடைவில் கழிவுநீர் மறுபயன்பாடு, எல்லை கடந்த நீர்ச் சிக்கல்கள் ஆகியவற்றையும் தன் பணியில் சேர்த்துக்கொண்டது. அமைதிப் பேச்சுகள் முடங்கிய பிறகும், அவற்றிலிருந்து பிறந்து நீடித்த மிகச் சில அமைப்புகளில் இது ஒன்று. எனினும் ஆய்வாளர்கள் ஒன்றுகூடுவதால் போர் நின்றுவிடுவதில்லை. அதற்கு மேற்கு ஆசியாவின் பிற்கால வரலாறே சான்று.

எவ்வளவு தூய்மை போதும்?

கழிவுநீரால் பாசனம் செய்வதற்கான உலக அளவுகோல்களை உலக சுகாதார நிறுவனம் வெளியிடுகிறது. 1973-இல் வந்த முதல் விதி மிகக் கடுமையானது. அதைப் பின்பற்ற இயலாத நாடுகள் எதையும் பின்பற்றாமல் விட்டன. 1989-இல் விதி திருத்தப்பட்டது. சமைக்காமல் உண்ணும் பயிர்களுக்கு 100 மில்லிலிட்டரில் 1,000-க்கு மேற்படாத மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா, ஒரு லிட்டரில் ஒன்றுக்கு மேற்படாத குடற்புழு முட்டை என்பது புதிய வரம்பு.

2006-இல் அணுகுமுறையே மாறியது. நிலையத்தின் வாயிலில் நீர் எவ்வளவு தூய்மையாக உள்ளது என்பதை மட்டும் பார்க்காமல், வயலிலிருந்து தட்டு வரை உள்ள எல்லாத் தடைகளையும் கூட்டிக் கணக்கிடலாம் என்றது. சொட்டுநீர்ப் பாசனம், அறுவடைக்குச் சில நாள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்தல், காய்கறியைத் தூய நீரில் கழுவுதல், தோலுரித்தல் ஆகிய ஒவ்வொன்றும் நோய்க்காரணிகளைக் குறைக்கிறது.

பெரிய நிலையம் கட்ட முடியாத நாடுகளுக்கு இது வழிவிட்டது. இலங்கையைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் கானாவின் அக்ரா, குமாசி நகரங்களில் இதைச் செயலில் ஆராய்ந்தது. அங்கு நகரை ஒட்டிய தோட்டக்காரர்கள் மாசடைந்த ஓடைகளிலிருந்து நீர் எடுத்துக் கீரை வளர்க்கின்றனர். நீரைச் சிறு குட்டையில் தேக்கி முட்டைகளைப் படியவிடுவது, பூவாளியைத் தரைக்கு அருகில் தாழ்த்தி ஊற்றுவது, தெருவோர உணவுக்கடைகளில் கீரையை முறையாகக் கழுவுவது போன்ற செலவில்லா வழிகளின் பயன் அளந்து பார்க்கப்பட்டது. கழிவுத்தொட்டிகளிலிருந்து எடுக்கும் மலக்கசட்டை உலர்த்தி, சந்தைக் கழிவுடன் சேர்த்து மட்கவைத்து உரமாக்கும் ஆய்வும் அந்நாட்டில் நடந்தது. அது விற்பனைக்கு வரும் உரமாகவும் வளர்ந்தது.

கூட்டுறவின் குறைபாடுகள்

இத்தகைய திட்டங்களில் மீண்டும் மீண்டும் எழும் சிக்கல்கள் நான்கு.

1. காலம்: ஆய்வு நிதி பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கே கிடைக்கும். சுத்திகரிப்பு நிலையத்தின் ஆயுளோ பல பத்தாண்டுகள். வெளிநாட்டுக் குழு திரும்பிய பின் உதிரிப் பாகத்துக்கும் வேதிப்பொருளுக்கும் ஆளுக்கும் உள்ளூரில் பணம் ஒதுக்காவிட்டால் நிலையம் நின்றுவிடும்.

2. பொருத்தம்: கொடுக்கும் நாட்டின் நிறுவனங்கள் விற்கும் கருவியே பரிந்துரைக்கப்படுவதுண்டு. மின்தடை, தூசி, வெப்பம், செறிந்த கழிவுநீர் ஆகியவற்றை உள்ளூர்ப் பொறியாளர்களே நன்கு அறிவர்.

3. உரிமை: மாதிரிகள் உள்ளூரில் எடுக்கப்பட்டு, பகுப்பாய்வும் வெளியீடும் வெளிநாட்டில் நடந்தால், தரவு அந்த ஊருக்குத் திரும்புவதில்லை. அடுத்த சிக்கலைத் தாமே ஆராயும் திறனும் அங்கு வளர்வதில்லை.

4. அளவீடு: ஐக்கிய நாடுகளின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 6-ஆவது இலக்கின் ஒரு பிரிவு, நீர் சேகரிப்பு, உப்புநீக்கம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மறுபயன்பாடு ஆகியவற்றில் வளரும் நாடுகளுக்கான பன்னாட்டுக் கூட்டுறவை 2030-க்குள் விரிவுபடுத்தக் கோருகிறது. ஆனால் அதை அளக்கும் குறியீடு, அரசுகளின் திட்டத்துக்கு உட்பட்டு வழங்கப்பட்ட உதவித்தொகையின் அளவு மட்டுமே. கொடுத்த பணத்தில் கட்டியது இயங்குகிறதா என்பதை அந்தக் குறியீடு சொல்லாது.

எவை நிலைத்தன?

மேலே கண்டவற்றுள் நிலைத்து நின்றவற்றுக்குச் சில பொதுப் பண்புகள் உள்ளன. விண்ட்ஹூக்கில் நகராட்சியே ஆய்வில் பங்குதாரர். தன் தேவைக்காகவே அதைத் தொடர்ந்து நடத்தியது. ஜோர்தானில் சோதனைத் திடலுடன் சட்டமும் பொறுப்பும் சேர்த்துப் பேசப்பட்டன. கானாவில் உழவரும் உணவுக்கடைக்காரரும் ஏற்கெனவே செய்துவந்த வேலையிலிருந்தே ஆய்வு தொடங்கியது. இதற்கு மாறாகக் கான்பூரில் தொட்டி தன் வேலையைச் செய்தும், ஆலைகளின் குரோமியத்தைத் தடுக்கும் பொறுப்பு கைவிடப்பட்டதால் பயன் குறைந்தது.

தொழில்நுட்பத்தை நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது இன்று அவ்வளவு கடினமான செயல் அன்று. சாக்கடைக்குள் செல்வதைக் கட்டுப்படுத்துவது, வெளிவரும் நீரை நாள்தோறும் சோதிப்பது, அந்த நீரைப் பயன்படுத்தும் உழவருக்கு அதன் உப்பளவையும் ஊட்ட அளவையும் தெரிவிப்பது, பழுது பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது ஆகியவை அந்தந்த நாட்டிலேயே நடக்க வேண்டிய பணிகள். பன்னாட்டுக் கூட்டுறவு இவற்றுக்குத் துணையாக அமைந்த இடங்களில்தான் கழிவுநீர் உண்மையில் நீர்வளமாக மாறியுள்ளது.